பேனர் வேண்டாம், லோரியைக் கொடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் டயர் கடையோ, மோட்டார் பட்டறையோ, செம்பனைக் குலை ஏற்றும் லோரி கம்பெனியோ வைத்திருப்பவரைத் தேடி ஒரு தொண்டு அமைப்பு வருகிறது. "தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாலைப் பாதுகாப்பு சொல்லித் தரப் போகிறோம், உதவி செய்யுங்கள்" என்கிறது. முதலாளி காசோலை எழுதுகிறார். பேனர், டீ-சட்டை, பொட்டலச் சாப்பாடு, ஒரு குழுப்படம். மறுநாள் காலையில் அதே பிள்ளைகள் பழையபடி வேனுக்கு முன்னால் குறுக்கே ஓடுகிறார்கள்.

காசு தேவைதான். ஆனால் காசைவிடப் பெரிய பொருள் ஒன்று கம்பெனி வாசலிலேயே நிற்கிறது: லோரி, அதை ஓட்டும் டிரைவர், அவருடைய ஒரு காலைப்பொழுது.

கணக்கு வழக்கை முதலில் முடித்துவிடலாம். சங்கப் பதிவிலாகாவில் பதிந்த அமைப்பு என்பதாலேயே நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைத்துவிடாது. 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அந்த அமைப்பு தனியாக அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும். ரசீதிலும் அது தெரிய வேண்டும். கம்பெனிக்கு உச்சவரம்பு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு. அங்கீகாரம் இல்லாத சிறிய அமைப்புக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். கணக்கில் கழிக்க மட்டும் முடியாது. பள்ளிக்குள் நுழைய வேண்டுமென்றால் அமைப்பே தலைமையாசிரியருக்கு எழுதட்டும். கம்பெனி நேரடியாக எழுதினால் விளம்பரம் என்றே படும்.

இனி லோரி. மழை பெய்த பள்ளித் திடலில் ஏற்றாதீர்கள், டயர் புதைந்துவிடும். தார் போட்ட இடமோ தோட்டத்து ஸ்டோர் முற்றமோ நல்லது. என்ஜினை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சாவியை ஆசிரியர் கையில் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகளை ஒவ்வொருவராக டிரைவர் இருக்கையில் உட்கார வையுங்கள். மற்றவர்கள் வண்ண அட்டைகளோடு சுற்றி நிற்கட்டும்: முகப்பை ஒட்டி இருவர், இடப்பக்கக் கதவுக்குக் கீழே இருவர், பின்பலகைக்குப் பின்னால் இருவர். மேலே இருப்பவர் எத்தனை அட்டை தெரிகிறது என்று சொல்ல வேண்டும். பல தடவை ஒன்றுகூடத் தெரியாது. "டிரைவர் முகம் உனக்குத் தெரியலன்னா, நீ அவருக்குத் தெரியலன்னு அர்த்தம்" என்ற வாக்கியத்தை அப்போது சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். வகுப்பறையில் சொன்னால் அது வெறும் வாக்கியம்.

அடுத்தது வளைவு. பிள்ளைகளைக் குறைந்தது 10 மீட்டர் தள்ளிக் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்துங்கள். இடப்பக்கம் திரும்பும் முனையில் காலி மைலோ பெட்டி ஒன்றை வையுங்கள். டிரைவர் நடை வேகத்தில் திரும்பட்டும். முன்சக்கரம் பெட்டியைத் தாண்டிப் போகும். பிள்ளைகள் தப்பித்தது என்று கத்துவார்கள். பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டி வந்து அதன்மேல் ஏறும். நீளமான வண்டி எதுவானாலும் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. பெட்டியை முனைக்கு நெருக்கமாக வைக்காவிட்டால் பின்சக்கரமும் தப்பவிட்டுவிடும். பிள்ளைகள் வருவதற்கு முன் ஒத்திகை பாருங்கள்.

வேகத்தைக் காட்ட ஒரு நைலான் கயிறு போதும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும்; 30 கிலோமீட்டரில் 8 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டு கயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரியுங்கள். ஓட்டுபவர் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே ஓடிப்போகும் தூரம் அது.

சாலையைக் கடக்கும் பயிற்சியை வயது பார்த்துப் பிரிக்க வேண்டும். முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளுக்கு வண்டி வரும் வேகத்தைக் கணிக்க வராது. அவர்களுக்கு ஒரே பாடம்: ஓரத்தில் நில், பெரியவர் கையைப் பிடி. நான்காம் ஆண்டிலிருந்து முடிவெடுக்கப் பழக்கலாம், ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில். தோட்டத்துச் சாலையில் நடைபாதை விளிம்பு கிடையாது, புல்தான். அதனால் புல்லில், தார் ஓரத்திலிருந்து ஓரடி பின்னால் நிற்கச் சொல்லுங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டும் நாடு, முதலில் நெருங்கி வருவது வலப்பக்க வண்டி. ஆகவே வலம், இடம், மறுபடி வலம்; பிறகு நேராக நடை. ஓட்டமில்லை, சாய்வாகக் கடப்பதில்லை. பஸ்ஸோ வேனோ கிளம்பிப் போகும்வரை கடக்கவே கூடாது, ஏனென்றால் அதை முந்திக்கொண்டு மோட்டார் வரும்.

தலைக்கவசம் வாங்கித் தருகிறோம் என்று முன்வரும் கம்பெனிகளே அதிகம். நம் நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள், அதனால் நோக்கம் சரிதான். தவறு மொத்தமாக ஒரே அளவில் வாங்குவதில்தான். வாங்குவதற்கு முன் பள்ளிக்குப் போய், புருவத்துக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் டேப்பைச் சுற்றி ஒவ்வொரு தலையையும் அளந்து பட்டியல் போடுங்கள். தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கொடுக்கும் இடத்திலேயே வாரை இறுக்க வேண்டும்: தாடைக்கும் வாருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. தலையை ஆட்டினால் கவசம் தனியாக ஆடக்கூடாது. பெரிதாக இருப்பதற்குள் துண்டைத் திணித்துக் கொடுப்பது மகா தவறு. விழும்போது தலை தரையில் படுவதற்கு முன்பே கவசம் கழன்றுவிடும். கம்பெனிப் பெயரை ஸ்பிரே பெயின்டில் அடிக்காதீர்கள், அதிலுள்ள தின்னர் கவசத்தின் வெளி ஓட்டைப் பலவீனப்படுத்தும்.

பெயர் போட ஆசையாக இருந்தால் புத்தகப்பைக்கான மழை உறையில் போடுங்கள். நம் பக்கம் ஏழு மணிக்குப் பிறகுதான் சூரியன் எழும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் இருட்டிலேயே கிளம்புகிறார்கள். ஒளி பிரதிபலிக்கும் பட்டையைப் புத்தகப்பையில் ஒட்டாமல் தைத்துவிடுங்கள். மழை நாளில் உறை பையை மூடிவிடும், பட்டையும் மறைந்துபோகும். ஆகவே உறைக்கும் தனிப்பட்டை வேண்டும்.

பட்டறைக்காரர் கொடுக்கக்கூடியது இன்னொன்று: கப்சாய் எனும் சிறிய மோட்டார் சைக்கிளுக்குச் செயின் மூடி, ஆரக்கம்பித் தடுப்பு. பின்னால் உட்காரும் பிள்ளையின் கால் ஃபுட்ரெஸ்டுக்கு எட்டவில்லையென்றால் தொங்கி, பின்சக்கரத்துக்குள் போய் குதிகால் கிழியும். அரைநாள் இலவசமாகப் பொருத்திக் கொடுத்தால் பெற்றோர் தாங்களாக வந்து நிற்பார்கள். அவர்கள் நிற்கும் நேரத்தில் 16 வயதுக்கு முன் லைசென்ஸ் கிடையாது என்பதையும் சொல்லிவிடலாம். "தோட்டத்து ரோடுதானே" என்று ஆறாம் ஆண்டுப் பையனைக் கடைக்கு மோட்டாரில் அனுப்புவது இன்னும் நடக்கிறது.

பலன் தெரிய படம் போதாது. பயிற்சிக்கு முன் ஒருநாள் காலை 20 நிமிடம் பள்ளி வாசலில் நின்று, எத்தனை பேர் ஓரத்தில் நின்றார்கள், எத்தனை பேர் வார் மாட்டியிருந்தார்கள் என்று எண்ணுங்கள். ஆறு வாரம் கழித்து அதே கிழமை, அதே நேரம் மறுபடி. முதல் வாரத்தில் எண்ணினால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். அறிக்கையில் அந்த எண்ணிக்கை இருக்கட்டும். பிள்ளைகள் முகம் தெரியும் படம் போடுவதென்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள்.

லோரி கம்பெனி என்றால் இன்னும் ஒன்று பாக்கி. பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் அந்தச் சாலையில் குலை லோரி ஓடாதபடி தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடமும் ஆலையிடமும் பேசி நேரத்தை மாற்றுங்கள், குலைமேல் வலை போடுங்கள். உதிரிப்பழம் சாலையில் விழுந்து நசுங்கினால் எண்ணெய் வழுக்கும், பின்னால் வரும் மோட்டாரில் பிள்ளை இருக்கும். இதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை, வலைக் காசைத் தவிர.