களையெடுப்புக் காலத்தில் குழந்தையின் எடை: நாட்குறிப்பு

ஜூன் 9
விதைப்பு முடிந்தாயிற்று. எடைப் பதிவேட்டில் குழந்தைகளின் வளர்ச்சிக்கோடு படுத்துவிடுவது எப்போதும் இனி வரும் மாதங்களில்தான். குதிர் காலியாகிற நேரமும் தாய் வயலில் குனிந்தே நிற்கிற நேரமும் ஒன்றாக வருகின்றன. ‘விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதிவிடுவது சுலபம். அவளிடம் இல்லாதது நேரம். கர்ப்பிணி யார், ஆறு மாதம் முடியப்போகும் குழந்தை எந்த வீட்டில், எந்த வாரம் யாருக்குக் களை என்பதை ஒரே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பாடமெல்லாம் பிறகு.

ஜூன் 14
மெலிவைக் கண்டறிய மேல்கைச் சுற்றளவு. இடது முழங்கையை மடக்கி, தோள் எலும்பு நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே புள்ளி வைக்கவும். அளக்கும்போது கை தளர்ந்து தொங்க வேண்டும். நாடாவை இறுக்கினால் தோல் மடிந்து அளவு குறையும். தளரவிட்டால் மெலிந்த குழந்தை கண்ணில் படாமலே போய்விடும். இரண்டாவதுதான் ஆபத்து. 6 முதல் 59 மாதம் வரை 115 மி.மீ.க்குக் கீழே கடும் மெலிவு, அன்றே சுகாதார நிலையம். 115-லிருந்து 125-க்குள் மிதமான மெலிவு. இரு புறங்கால்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுக்கவும். இரண்டிலும் குழி நின்றால், நாடா பச்சை (மெலிவு இல்லை) காட்டினாலும் அனுப்பியே ஆக வேண்டும்.

ஜூன் 27
கஞ்சிதான் பாதிச் சிக்கல். குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மி.லி. கொள்ளும், 8 கிலோ குழந்தைக்கு 240 மி.லி. அதைத் தண்ணீரால் நிரப்பினால் பசி அடங்கும், எடை ஏறாது. கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி ஒட்டி நின்று மெல்ல விழ வேண்டும். ஓடினால் நீர்த்துவிட்டது என்று அர்த்தம்.

தானியம் 3 பங்கு, பருப்பு 1 பங்கு, தனித்தனியே வறுத்து அரைக்கவும். வேளைக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்தால் சுமார் 40 கிலோகலோரி கூடும். கெட்டியானால் குழந்தை விழுங்காது, தாய் தண்ணீர் ஊற்றுவாள். அங்கேதான் முளைகட்டிய தானிய மாவு உதவும். கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும் அந்த மாவில் ஒரு சிறு கரண்டி போட்டுக் கிளறினால் சில நிமிடங்களில் இளகும்; பிறகு மறுபடி கொதிக்கவைக்க வேண்டும். கொதிக்கும்போதே போட்டால் கஞ்சியை இளக்கும் நொதி செத்துவிடும், இளகாது. சோளமென்றால் முளையையும் வேரையும் தேய்த்து நீக்காமல் அரைக்கக் கூடாது. அவற்றில் சயனைடு உண்டாக்கும் பொருள் உண்டு.

6–8 மாதத்தில் இரண்டு, மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி அரைக் கிண்ணம் (கிண்ணம் 250 மி.லி.), நாளுக்கு 2–3 வேளை. 9 மாதத்திலிருந்து 3–4 வேளை. ஒரு வயதுக்கு மேல் முக்கால் முதல் முழுக் கிண்ணம். தாய்ப்பால் இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தொடரலாம்.

ஜூலை 11
ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் மட்டுமே. களை நாளில் குழந்தையை வரப்போரம் கொண்டுவர ஆள் இல்லையென்றால் பாலைப் பீய்ச்சி, மூடிய சுத்தமான பாத்திரத்தில் நிழலில் வைக்கலாம், 4 மணி நேரத்துக்குள். புட்டி வேண்டாம், சிறு கிண்ணமே போதும். இரவில் கூடுதலாகக் குடித்தால் பகல் குறைவு ஓரளவு ஈடாகும். கர்ப்பிணியும் பாலூட்டுபவளும் மருந்தடிக்கவே கூடாது. மருந்து தெளித்த வயலிலிருந்து வந்தால் குளித்து, துணி மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும்.

ஜூலை 19
கர்ப்பிணிகளின் இரும்புச்சத்து மாத்திரை பாதியில் நிற்பதற்குக் குமட்டலும் கறுத்த மலமும் காரணம். கறுப்பு இயல்பு என்று மாத்திரை கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். குமட்டினால் இரவில் சாப்பிட்ட பின் விழுங்கலாம். தேநீருடனும் கால்சியம் மாத்திரையுடனும் சேர்க்கக் கூடாது. புளிப்புப் பழம் நல்லது.

ஆகஸ்ட் 6
மழை, வயிற்றுப்போக்கு. உப்புச்சர்க்கரைக் கரைசலுடன் துத்தநாகம் நாளுக்கு 20 மி.கி. (ஆறு மாதத்துக்குள் 10), 10–14 நாள். போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். உணவையும் நிறுத்துகிறார்கள், அது இன்னும் மோசம்.

செப்டம்பர் 22
அறுவடை. ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கும் தானியத்தை மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளாடாக்சின் சமைத்தாலும் முழுக்கப் போகாது. நிறம் மாறியதைப் பொறுக்கி எறிய வேண்டும். கறவை மாட்டுக்குப் போட்டால் பாலில் வந்துவிடும். நாளுக்கு 100 கிராம் மாவு என்று வைத்தால் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்குத் தானியம் 27 கிலோ, பருப்பு 9 கிலோ. வியாபாரியின் தராசு வருவதற்கு முன் அதைத் தனி மூட்டையாகக் கட்டிவிட வேண்டும்.