பூட்டு போட்டால் போதும் என்று நினைத்தேன்

வீடு மாறும் இடைவெளியில் ஆறு மாதம் சாமான்களை வாடகைக்கு எடுத்த ஸ்டோரேஜ் அறை ஒன்றில் போட்டு வைத்தேன். கேமரா, காவலாளி, இரும்பு ஷட்டர் எல்லாம் இருந்தன. பிறகென்ன கவலை என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். பொருட்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் இருந்தது அப்புறம்தான் கண்ணில் பட்டது. அவர்கள் கொடுப்பது இடம் மட்டும்தான்.

சரி, இன்சூரன்ஸ் எடுப்போம் என்று விசாரித்தேன். மொத்த மதிப்பு எவ்வளவு என்று கேட்டார்கள். பிரீமியம் குறையட்டுமே என்று பாதியாகச் சொல்ல நாக்கு துடித்தது. நல்லவேளை, சொல்லவில்லை. பல பாலிசிகளில் ஒரு கணக்கு உண்டு: 100 பெறும் சாமானை 50 என்று காட்டியிருந்தால், 20க்குச் சேதமானாலும் 10தான் கைக்கு வரும்.

தீ, திருட்டு போன்றவற்றுக்குப் பணம் வரும். பூஞ்சை, எலி, அந்துப்பூச்சிக்குப் பெரும்பாலும் வராது. அறையைத் திறந்தபோது மெத்தையின் ஓரமெல்லாம் மிளகைத் தூவியதுபோல் கரும்புள்ளி. அம்மாவின் கம்பளிப் போர்வையில் விரல் நுழையும் ஓட்டைகள். இரண்டுக்கும் ஒரு காசு கிடைக்கவில்லை. கோபம் வந்தது, ஆனால் பாலிசியில் தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள்.

என் சாமர்த்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பர், பில், போட்டோ என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பட்டியல் போட்டேன். பத்திரமாக இருக்கட்டும் என்று அதை அதே அறையில், மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன்.