50 மீட்டர் ஃப்ரீஸ்டைல்: வயது வந்தபின் வேகம் பழகிய குறிப்பேடு

நிதானமாக ஒரு கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர் என்று நீந்திப் பழகியவர் 50 மீட்டர் வேக நீச்சலுக்கு மாறும்போது முதலில் குறைக்க வேண்டியது தூரத்தைத்தான். இதற்கு மனம் எளிதில் இணங்காது. மொத்தமே 1,000 மீட்டர் நீந்திவிட்டு, அதிலும் பாதி நேரம் சுவரைப் பிடித்து நின்றுவிட்டு வீடு திரும்புவது வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் காரணம் தெளிவானது. முழு வேகத்தில் முதல் பத்து வினாடி அளவுக்குத் தசை தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் பாஸ்போகிரியாட்டின் என்ற உடனடி ஆற்றல் பொருளைப் பெரும்பாலும் நம்பித்தான் ஓடுகிறது. அது பாதி நிரம்பச் சுமார் அரை நிமிடம் ஆகும். கிட்டத்தட்ட முழுதாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம். இருபது வினாடி ஓய்வில் பத்து முறை 50 மீட்டர் நீந்தினால் எல்லாமே நடுத்தர வேகத்தில்தான் முடியும். உடம்பு கற்றுக்கொள்வதும் அந்த நடுத்தர வேகத்தையே.

ஆஸ்திரேலியாவின் கேமரன் மெக்கவாய் டோக்கியோ ஒலிம்பிக்கிற்குப் பிறகு குளத்தில் நீந்தும் தூரத்தைப் பெரிதும் குறைத்து, வலிமைப் பயிற்சியைக் கூட்டினார். 2023-இல் ஃபுகுவோகாவில் 21.06 வினாடியில் உலகப் பட்டமும், 2024-இல் பாரிஸில் 21.25 வினாடியில் தங்கமும் வென்றார். அப்போது அவருக்கு வயது 30. அந்தோணி எர்வின் 2016-இல் இதே பந்தயத்தைத் தன் 35-ஆவது வயதில் வென்றவர். டாரா டோரஸ் 2008-இல் 41 வயதில் 24.07 வினாடியில் வெள்ளி வாங்கினார். தங்கம் தவறியது நூற்றில் ஒரு வினாடியில். பிறவித் திறமையும் வாழ்நாள் பயிற்சியும் உள்ளவர்கள் இவர்கள், நமக்கு அளவுகோல் அல்ல. என்றாலும் குறுகிய தூர வேகம் முப்பதோடு முடிந்துபோவதில்லை என்பதற்கு இது போதும்.

அளப்பது

குறிப்பேட்டில் நான்கு விஷயங்கள்: நேரம், கைவீச்சு எண்ணிக்கை, எடுத்த ஓய்வு, எத்தனை முறை மூச்செடுத்தோம். நேரத்தை மட்டும் எழுதினால் ஏன் மாறியது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒரு கணக்கு பாருங்கள். சுவரை உதைத்து 25 மீட்டர். முதல் கைவீச்சு தொடங்கும்வரை 2.5 வினாடி. அதன்பின் 20 வீச்சு, ஒன்றுக்கு 0.60 வினாடி, ஆக 12, மொத்தம் 14.5. அதே 20 வீச்சை 0.55 வினாடிக்கு ஒன்றாக வீசினால் 11; மொத்தம் 13.5. முழுதாக ஒரு வினாடி மிச்சம். ஆனால் அவசரத்தில் நீர் கையில் நிற்காமல் நழுவி 22 வீச்சு ஆகிவிட்டால் 12.1, மொத்தம் 14.6. அவ்வளவு உழைத்தும் முன்னைவிட மெதுவு! கையைச் சுழற்றும் வேகம் கூடும்போது வீச்சு எண்ணிக்கை எவ்வளவு ஏறுகிறது என்பதைக் கவனிப்பதுதான் இந்தப் பயிற்சி முழுவதும்.

முதல் கட்டம்: 15 மீட்டர்

வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது இடைவெளி. வார்ம் அப் 500 மீட்டர்: 200 நிதானம், 4 × 50 டிரில்லும் (நுட்பத்தைத் தனியே பழகும் நீச்சல்) கிக்கும் (காலுதை மட்டும்) மாறி மாறி, 4 × 25 படிப்படியாக வேகம் ஏற்றி. அதன்பின் முக்கிய செட்: சுவரை உதைத்து 8 × 15 மீட்டர் முழு வேகம், ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு நிமிடம். நான்கு முடிந்ததும் கூடுதலாக மூன்று நிமிடம் எளிதாக நீந்தலாம். நேரம் சிறந்த முயற்சியைவிட 0.3 வினாடிக்கு மேல் சரிந்தால் செட்டை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மிச்சம் இரண்டு இருக்கிறதே என்று முடிப்பவர்கள் களைப்பில் கெட்டுப்போன ஸ்ட்ரோக்கைத்தான் பழகுகிறார்கள். கடைசியில் 200 மீட்டர் நிதானம்.

பெரியவர்களிடம் அதிகம் தெரியும் கோளாறு கையை நீருக்குள் வைத்தவுடன் பின்னால் இழுத்துவிடுவது. கையோடு காற்றுக் குமிழிகள் உள்ளே போகின்றன. குமிழியை இழுத்தால் உடம்பு நகராது. கை தோளுக்கு நேரே நுழைந்து, முழங்கை மேலேயே நிற்க, விரல் நுனி கீழே திரும்பி, முன்கை முழுவதும் பின்னோக்கிய பலகை ஆன பிறகுதான் பலம் கொடுக்க வேண்டும். முழங்கை முதலில் தொங்கினால் நீரைக் கீழே அமுக்குகிறோம்: தலை எழும்பும், இடுப்பு அமிழும். கை மையக் கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நுழைந்தால் இடுப்பு பாம்பாக நெளியும், தோள்பட்டையின் முன்பக்கமும் வலிக்கத் தொடங்கும். இதைத் தானாக உணர்வது கடினம். குளக்கரையில் நின்று ஒருவர் முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் கைபேசியில் எடுக்கும் பத்து வினாடி வீடியோ பெரிய உதவி.

கை நீருக்கு மேலே வரும்போது முழங்கையை மடக்குவதா, நீட்டி வீசுவதா என்று நிறைய விவாதம் உண்டு. நீட்டிய கை சுழற்சி வேகத்துக்கு உதவும், ஆனால் தோள் இறுகியவர்களுக்கு அது வலியில் முடியும். தோளும் மேல்முதுகும் தளர்ந்திருந்தால் மட்டும் முயலலாம் என்பது என் கருத்து.

கிக் விஷயத்தில் பெரியவர்களுக்குத் தடை பெரும்பாலும் கணுக்கால். ஓட்டப்பயிற்சி செய்தவர்களுக்கு இன்னும் அதிகம். பாதம் பின்னோக்கி நீளாமல் கொக்கி போல நின்றால் எவ்வளவு உதைத்தாலும் அது பிரேக்தான். மண்டியிட்டுப் பாதத்தைப் பின்னால் நீட்டி, குதிகால் மேல் உட்கார்ந்து 30 வினாடி, நான்கு முறை, தினமும்; முழங்கால் வலித்தால் நாற்காலியில் உட்கார்ந்து கையால் பாதத்தை நீட்டலாம். குளத்தில் 6 × 25 கிக், ஒரு நிமிடம் ஓய்வோடு. உதை இடுப்பிலிருந்து வர வேண்டும். முழங்காலை மடக்கி சைக்கிள் மிதிப்பவர்களுக்குத் தொடை முன்னால் வந்து நீரைத் தடுக்கும். ஒரு முழுச் சுழற்சிக்கு, அதாவது இரண்டு கைவீச்சுக்கு, ஆறு உதை.

நீரின் தடை ஏறத்தாழ வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. தேவைப்படும் திறன் மும்மடியாக. வேகம் 5 சதவீதம் கூட, திறன் சுமார் 16 சதவீதம் கூட வேண்டும். ஆகவே தலையைத் தாழ்த்தி, இடுப்பை உயர்த்தி, உடம்பை நேராக வைத்துத் தடையைக் குறைப்பது எடை தூக்கிப் பெறும் பலத்தைவிடச் சீக்கிரம் நேரத்தில் தெரிகிறது.

சுவரும் பிளாக்கும்

உதைத்துக் கிளம்பும்போது சுமார் அரை மீட்டர் ஆழம், ஒரு கை மேல் ஒரு கை, காதுகளை மேற்கை அழுத்தியபடி. நீருக்கடியில் இரு காலையும் சேர்த்து உதைக்கும் டால்ஃபின் கிக் எத்தனை? விதி, 15 மீட்டர் கோட்டுக்குள் தலை நீரைக் கிழித்து மேலே வந்துவிட வேண்டும் என்கிறது. பெரியவர்களில் பலருக்கு அவ்வளவு தூரம் உள்ளே இருப்பதே நஷ்டம். 12 மீட்டர் வரை ஆகும் நேரத்தைக் கிக் இல்லாமல், மூன்று கிக்கோடு, ஐந்து கிக்கோடு என்று தனித்தனியே எடுத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். எது குறைவோ அதுவே உங்கள் எண்ணிக்கை. மேலே வந்ததும் முதல் இரண்டு வீச்சில் மூச்சு வேண்டாம். அங்கே தலையைத் திருப்பினால் சுவர் கொடுத்த வேகம் அப்படியே கரைகிறது.

டைவ் பழகுமுன் ஆழம் பார்க்க வேண்டும். உலக நீர்விளையாட்டு அமைப்பின் விதிப்படி பிளாக் (குதித்துக் கிளம்பும் மேடை) உள்ள முனையில் சுவரிலிருந்து 1 மீட்டர் முதல் 6 மீட்டர் வரை குறைந்தது 1.35 மீட்டர் ஆழம். அது பழகிய வீரர்களுக்கான குறைந்தபட்ச அளவு; புதிதாகக் கற்பவர் இன்னும் ஆழமான முனையில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கத் தொடங்குவது நல்லது. வரிசை: விளிம்பில் உட்கார்ந்து, ஒரு முழங்காலில், நின்று, கடைசியில் பிளாக். வயிறு அடிபட்டால் பறக்கும்போது தலையைத் தூக்கினோம் என்று பொருள். மிக ஆழமாகப் போனால் கை கீழே குத்துகிறது, அல்லது தாடை மார்போடு ஒட்டிவிட்டது. கண்ணாடி கழன்றால் பெரும்பாலும் முகம்தான் முதலில் நீரில் மோதியிருக்கும். பார்வை கீழ்நோக்கி இருக்கட்டும், கண்ணாடியின் பட்டை தொப்பிக்கு உள்ளே போகட்டும்.

இரண்டாம் கட்டம்: சுழற்சி வேகம்

தொப்பிக்குள் வைத்தால் சீரான இடைவெளியில் ஒலி எழுப்பும் டெம்போ டிரெய்னர் இங்கே உதவும். 25 மீட்டரை வீச்சுக்கு 0.60 வினாடி என்று தொடங்கி, ஒவ்வொரு முறையும் 0.02 குறைத்து, வீச்சு எண்ணிக்கையை எழுதிக்கொண்டே போக வேண்டும். எண்ணிக்கை திடீரென்று இரண்டு கூடும் இடம் ஒன்று வரும். அதற்கு ஒரு படி முந்தைய வேகத்தில் சில வாரம் பழகினால் அந்த இடம் தானாகத் தள்ளிப்போகிறது. இரண்டு நிமிட ஓய்வில் ஆறு அல்லது எட்டு 25 போதும்.

கையில் மாட்டும் பலகையான பேடில் உள்ளங்கையைவிடச் சற்றே பெரியதாக இருந்தால் போதும். தோள் முன்பக்கம் வலித்தால் முதலில் விட வேண்டியதும் அதுவே. தரைப் பயிற்சி வாரம் இரண்டு: புல் அப் அல்லது ரோயிங், ஸ்குவாட், பிளாங்க், நின்ற இடத்திலிருந்து மேலே குதித்தல், ரப்பர் பட்டையில் தோளை வெளிப்பக்கம் திருப்பும் அசைவு 2 × 15. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாம் கட்டம்: கடைசி 15 மீட்டர்

35 மீட்டரில் கை கனக்கத் தொடங்கும். கிக் நிற்கும், இடுப்பு இறங்கும். இதற்கு வாரம் ஒரே ஒரு கடினமான நாள்: 4 × 50 முழு வேகம், இடையே ஏழு நிமிடம், அதில் சில நிமிடம் மெதுவான நீச்சல். அல்லது 50-ஐ உடைத்து 25, பத்து வினாடி, மீண்டும் 25. இரண்டு நேரத்தையும் கூட்டினால் நீங்கள் எட்டக்கூடிய 50-இன் அடையாளம் கிடைக்கும். இரண்டாவது 25 எவ்வளவு சரிகிறது என்பது முக்கியம்.

மூச்சு: உச்ச வீரர்கள் ஒரு முறையோ, எடுக்காமலோ முடிப்பார்கள். பெரியவர்களுக்கு இரண்டு அல்லது மூன்று நியாயமானது, சுமார் 20 மற்றும் 35 மீட்டரில். தண்ணீருக்குள்ளேயே மூச்சை விட்டுவிட்டால் மூச்செடுக்கத் தலை திரும்பும் நேரம் குறையும். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: வேகமாக மூச்சிழுத்துவிட்டு நீருக்கடியில் நீளம் கடப்பதோ, தனியே மூச்சடக்கிப் பழகுவதோ கூடாது. கரியமில வாயு குறைந்துவிடுவதால் மூச்சுத் தவிப்பு வருமுன்பே மயக்கம் வந்துவிடும். நல்ல நீச்சல்காரர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். நாற்பது தாண்டியவர்கள் முழு வேகச் செட் தொடங்குமுன் மருத்துவரைப் பார்த்துவிடுவதும் அவசியம்.

முடிவில் சுவரைத் தொடுவது தனியாகப் பழக வேண்டியது. கடைசி 5 மீட்டரில் மூச்சு இல்லை, தலை தூக்கல் இல்லை. அரை வீச்சு தூரம் மிச்சமானால் சறுக்கிக் காத்திருக்காமல், கையை நீட்டியபடி கடுமையாக உதைத்து விரல் நுனியால் தொட வேண்டும்.

போட்டிக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு தூரத்தைப் பாதியாக்கலாம், வேகத்தை அல்ல. கடைசிக் கடினமான 50 ஒரு வாரம் முன்பு. இரண்டு நாள் முன்பு 4 × 15 மட்டும். போட்டி அன்று வார்ம் அப்பைப் பந்தயத்துக்கு இருபது நிமிடம் முன்பு முடித்து, உடம்பைத் துடைத்துச் சூடாக உடுத்திக்கொண்டு இருக்க வேண்டும். பிளாக்கில் ஒருமுறை முன்கூட்டிக் கிளம்பினாலே தகுதி நீக்கம். "டேக் யுவர் மார்க்ஸ்" கேட்டதும் அசையாமல் நின்று ஒலிக்குக் காத்திருப்பதையும் பயிற்சியிலேயே யாரையாவது விசில் ஊதச் சொல்லிப் பழகிக்கொள்ளலாம்.