செருப்பு என் பையில்

மார்ச் 3, இரவு
நிமிடத்துக்கு 6 மூச்சு. நானே எண்ணினேன். கண்மணி கடுகு அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. அபின் வகைப் போதையை முறிக்கும் நலோக்சோன் ஏறிய சில நிமிடங்களில் தம்பி எழுந்து உட்கார்ந்து டாக்டரை வாய்க்கு வந்தபடி திட்டினான். யாரைப் பார்க்கவும் வெட்கமாக இருந்தது. மறுபடி எண்ணினேன். 16. போகட்டும், திட்டட்டும்.

மார்ச் 4, விடிகாலை
கிளம்பணும் என்று ஒரே பிடி. மருந்தின் வேகம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தானாம். அவன் போட்ட போதை ஊசி அதற்கு மேலும் நிற்கும், மூச்சு மறுபடி அடங்கலாம் என்றார் நர்ஸ். அவன் காதில் எங்கே ஏறுகிறது? கையிலிருந்த குழாயைப் பிய்க்கப் பார்த்தான். "அக்கா, இன்னொரு செருப்பு எங்கே?" தேடுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே இரண்டு மணி நேரம் ஓட்டினேன்.

14.

மார்ச் 4, மாலை
திரைக்கு அந்தப்பக்கம் ஒரு குரல்: "அந்த ஊசிக் கேஸா? மூணாவது தடவை." சர்க்கரை ஏறி மூன்றாவது தடவை வருகிறவரையும் இந்தக் குரலில்தான் சொல்வார்களா? சண்டைக்குப் போக எழுந்தேன். போன மாதம் வீட்டில் நான் சொன்னது இதைவிட மோசம். உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 4, இரவு
கொட்டாவி, மூக்கொழுகல், கையெல்லாம் மயிர்க்கூச்சம், கால் ஓயாமல் உதைக்கிறது. போதை நின்றதால் வரும் அவதியை அளக்க, சின்ன டாக்டர் ஒரு தாளில் 11 விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டார். 7. போதை ஏக்கத்தை அடக்கும் பியூப்ரெனார்ஃபின் மருந்தை அவசரப்பட்டுக் கொடுத்தால் அதுவே உடம்பை முறுக்கிவிடும், மதிப்பெண் இன்னும் ஏறணும் என்றார். ஆக, தம்பிக்கு இன்னும் மோசமாகணும் என்று காத்திருக்கிறேன்.

2015-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக டாக்டர்கள் 329 பேரை வைத்துச் செய்த ஆய்வைச் சொன்னார். இந்த மருந்தை அவசரப் பிரிவிலேயே தொடங்கியவர்களில் 78 சதவீதம் பேர் முப்பதாம் நாளும் சிகிச்சையில் இருந்தார்களாம். சிகிச்சை மையத்துக்குச் சீட்டு மட்டும் கொடுத்து அனுப்பியவர்களில் 37. அப்படியானால் முதல் இரண்டு தடவையும் எங்களுக்கு ஏன் வெறும் சீட்டு? கேட்கவில்லை. நல்ல பையன், அந்த டாக்டர்.

மார்ச் 5
மதிப்பெண் 13. மருந்தை நாக்குக்கு அடியில் வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் கால் அடங்கியது. தண்ணீர் கேட்டான்.

மார்ச் 7
வீடு. இடைவெளி விட்டு பழைய அளவைப் போட்டால் உடம்பு தாங்காது என்று நர்ஸ் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதே ஓடுகிறது. இரவு மூன்று முறை எழுந்துபோய் எண்ணினேன். "தூங்கு அக்கா" என்றான், கண்ணைத் திறக்காமல்.

மார்ச் 8
நாளை 10 மணிக்குச் சிகிச்சை மையம். செருப்பைக் கொடுத்துத்தான் ஆகணும்.