கூரைக்குறி எங்கே நிற்க வேண்டும்?

மார்ச் 2, 2025

திறமூல அமைப்புகளுக்கு நிரல் எழுத உதவித்தொகை தரும் கூகுள் சம்மர் ஆஃப் கோடில் இந்த ஆண்டு இடம்பெறும் அமைப்புகளின் பட்டியல் வந்து மூன்று நாளாகிறது. நான் ஓராண்டாகப் பழகிவரும் நிரல்மொழியும் அதில் இருக்கிறது. முடிவு தெரியும்வரை அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர்களே கொடுத்திருக்கும் யோசனைகள் எதிலும் மனம் ஒட்டவில்லை. எனக்கென்று ஒரு பழைய எரிச்சல் இருக்கிறது, அதையே திட்டமாக்கினால் என்ன?

பெயர் = "தமிழ்" + 5 என்று ஒரு வரி எழுதினேன். சரத்தோடு (மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துத் தொடர்) எண்ணைக் கூட்ட முடியாது என்று கம்பைலர் (நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் மென்பொருள்) திட்டுகிறது, நியாயம்தான். ஆனால் பிழை இருக்கும் இடத்தைக் காட்ட, கூட்டல் குறிக்கு நேர் கீழே நிற்கவேண்டிய ^ (நான் கூரைக்குறி என்பேன்) நாலு இடம் தள்ளி, வரி முடிந்தபிறகு உள்ள வெற்றிடத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கிறது.

மார்ச் 6

"தமிழ்" என்பதில் நமக்கு மூன்று எழுத்து. எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீட்டுப் புள்ளிகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15. நிரல்மொழிகளிடம் நீளம் கேட்டால் ரஸ்ட் 15 என்கிறது, பைத்தான் 5 என்கிறது, ஸ்விஃப்ட் 3 என்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை, ஆளுக்கொன்றை எண்ணுகிறார்கள். எங்கள் கம்பைலர் ஐந்தை எண்ணுகிறது. "பெயர்" என்பதிலும் அதே கதை. இரண்டு சொல்லிலும் இரண்டிரண்டு கூடுதல், மொத்தம் நாலு. மர்மம் தீர்ந்தது என்று நினைத்தேன்.

மார்ச் 13

அந்த மொழிக்கு நான் அனுப்பிய சின்னத் திருத்தம் (பேட்ச்) ஒன்று ஏற்கப்பட்டது. ஒரு டெஸ்டும் இரண்டு வரி ஆவணமும்தான். விண்ணப்பிக்கும் முன் கையைக் காட்டியாக வேண்டுமே.

மார்ச் 19

விண்ணப்பத்தின் முதல் வரைவை மென்டாருக்கு (அமைப்பின் சார்பில் வழிகாட்டுபவர்) அனுப்பினேன். 350 மணி நேரத் திட்டம். குறியீட்டுப் புள்ளியை எண்ணுவதை விட்டுவிட்டு, எழுத்தை எங்கே வெட்டலாம் என்று சொல்லும் யூனிகோடின் யூஏஎக்ஸ் 29 விதிப்படி எழுத்துக்கூட்டுகளை (நாம் ஓர் எழுத்தாகப் பார்ப்பவை) எண்ணுவோம், கூரைக்குறி சரியாக நிற்கும் என்று ஆறு பக்கம். பதில் ஒரே வரி: "எந்த டெர்மினலில்?" டெர்மினல் என்பது கம்பைலரின் செய்தி தெரியும் எழுத்துச் சாளரம். கூடவே தன் திரையின் படம். அதே நிரல், அதே பிழை. அவர் திரையில் கூரைக்குறி இரண்டு இடம்தான் தள்ளியிருக்கிறது.

எனக்கு நாலு, அவருக்கு இரண்டு. இரவு முழுக்க அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 21

பிடித்துவிட்டேன். பல டெர்மினல்கள் ஓர் எழுத்துக்கு எத்தனை கட்டம் ஒதுக்குவது என்பதை டபிள்யூசி-விட்த் என்ற ஃபங்ஷனைக் கேட்டு முடிவுசெய்கின்றன. பரவலாகப் புழங்கும் அதன் பழைய வடிவம், இடம் அடைக்காத ஒட்டுக்குறிகளுக்கு மட்டும் பூஜ்யம் தருகிறது. யூனிகோடில் நம் புள்ளி அந்த வகை. ஈகாரக் குறியும் அந்த வகை. ஆனால் இகரக் குறி இடம் அடைக்கும் வகையில் இருக்கிறது. எகரக் கொம்பும் அப்படியே. அதனால் அந்தக் கணக்கில் 'கி' இரண்டு கட்டம், 'கீ' ஒரு கட்டம்! குறிலுக்கு நெடிலைவிட அகலம் கூட. இலக்கணம் சொல்லிக்கொடுத்தவர்கள் கேட்டால் என்னை உதைப்பார்கள்.

என் டெர்மினலோ எழுத்துக்கூட்டு ஒவ்வொன்றையும் ஒரே கட்டத்தில் திணிக்கிறது. 'ணௌ' அதற்குள் படும்பாட்டைப் பார்க்கச் சகிக்காது. ஆக, எதை எண்ணினாலும் யாரோ ஒருவர் திரையில் தப்பாகத்தான் நிற்கும். ஆறு பக்கமும் வீண்.

மார்ச் 24

இன்று விண்ணப்ப வாசல் திறந்துவிட்டது. என்னிடம் திட்டம் இல்லை.

மார்ச் 25

குளிக்கும்போது தோன்றியது: எண்ணவே வேண்டாமே! தனி வரியில் குறி போடுவதால்தானே அகலம் தெரிய வேண்டியிருக்கிறது. பிழையுள்ள துண்டுக்கே அடிக்கோடு போடச் சொன்னால், எழுத்து எங்கே போனாலும் கோடு கூடவே போகும். டெர்மினலுக்கு அதற்கான கட்டளைத் தொடர் ஏற்கெனவே உண்டு. வெளியீடு கோப்புக்குள் போகிறதென்றால் அடிக்கோடு கிடைக்காது, அப்போது அந்தத் துண்டை மேற்கோளிட்டுச் செய்தியிலேயே சொல்லிவிடலாம்.

சோதித்தேன். "மி"யில் ம-வுக்கும் இகரக் குறிக்கும் நடுவே கட்டளை விழுந்தால் எழுத்து உடைந்து புள்ளிவட்டம் தெரிகிறது. கோடு எழுத்துக்கூட்டின் எல்லையில்தான் தொடங்க வேண்டும். யூஏஎக்ஸ் 29 படித்தது வீணில்லை. அந்த விதி 'ஸ்ரீ'யை இரண்டாகத்தான் வெட்டும், அதோடு சண்டை போட எனக்கு நேரமில்லை.

மார்ச் 31

மென்டாருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அளவு 175 மணி நேரம் போதும் என்கிறார். பன்னிரண்டு வாரத்துக்கு வகுத்தால் வாரம் பதினைந்துக்குச் சற்றுக் குறைவு. கொஞ்சம் வலித்தது, பெரிய திட்டத்துக்கு உதவித்தொகையும் பெரிது. அவர் கேட்ட ஒரு பகுதி எனக்குப் புதிது: "செய்யப்போவதில்லை" என்று ஒரு பத்தி. வலமிருந்து இடம் எழுதும் மொழிகள், பிழை வரியில் எத்தனையாவது இடம் என்று எடிட்டர்களுக்கு அனுப்பும் எண் (அங்கே யூடிஎஃப்-16 கணக்கு, அது தனி நரகம்), டெர்மினல்களைத் திருத்துவது. இந்தப் பத்தியை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. ஒவ்வொன்றையும் வெட்டும்போது கை தயங்கியது.

ஏப்ரல் 8

கடைசி நாள். உலகப் பொதுநேரம் 18 மணிக்கு வாசல் மூடும். பிடிஎஃப் ஆகத்தான் ஏற்ற வேண்டும். மாற்றித் திறந்து பார்த்தால், முதல் பக்கத்தின் முதல் எடுத்துக்காட்டிலேயே "தமிழ்" உடைந்து கிடக்கிறது. இகரக் குறி தனியே, புள்ளி தனியே. எழுத்து உடைவதைப் பற்றிய விண்ணப்பத்தில் எழுத்து உடைந்திருக்கிறது! இன்னும் இரண்டு மணி நேரம். எழுத்துருவை மாற்றினேன், மாற்றும் கருவியை மாற்றினேன், கேட்கவில்லை.

கடைசியில் அந்த வரியைத் திரையிலிருந்து படம் பிடித்து ஒட்டினேன். உடைந்த வடிவத்தையும் கீழேயே விட்டுவைத்து, "மேலே உள்ளது படம், கீழே உள்ளது எழுத்து" என்று ஒரு குறிப்பு சேர்த்தேன். 17:20க்கு ஏறிவிட்டது.