எலுல் மாத இரவில் மேற்குச் சுவர்

நள்ளிரவு தாண்டியும் எருசலேம் பழைய நகரத்தின் குப்பைமேட்டு வாசலில் கூட்டம் குறையவில்லை. பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே போனால் விளக்கொளியில் மேற்குச் சுவர், யூதர்கள் ஜெபிக்கும் மிகப் புனிதமான இடம். ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதியில். ஆண்கள் தலையை மூடியாக வேண்டும். இல்லாதவர்களுக்கு அங்கேயே சின்னக் குல்லா கிடைக்கிறது.

எலுல், யூத ஆண்டின் கடைசி மாதம். ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும். முடிந்த மறுநாள் புத்தாண்டு, அதிலிருந்து பத்தாம் நாள் யோம் கிப்பூர் என்னும் பாவநிவிர்த்தி நாள். பொன் கன்றுக்குட்டியை வணங்கிய மக்களுக்காக மன்றாட மோசே எலுல் முதல் தேதியில் சீனாய் மலை ஏறி, 40 நாள் கழித்து யோம் கிப்பூர் அன்று பத்துக் கட்டளைகள் எழுதிய புதிய கற்பலகைகளோடு இறங்கினார் என்பது மரபு. அந்த 40 நாளும் மன்னிப்புக்கான காலம்.

ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த மரபைப் பின்பற்றும் செபார்டி யூதர்கள் ஓய்வுநாள் தவிர மாதம் முழுக்க 'செலிகோத்' என்னும் மன்னிப்பு ஜெபங்களைச் சொல்கிறார்கள். மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபினரான அஷ்கெனாசிகள் புத்தாண்டு நெருங்கும்போதுதான் தொடங்குவார்கள். மன்னிப்பு ஜெபம் என்றால் அழுகையாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். இங்கே 'ஆதோன் ஹசெலிகோத்' பாட்டை ஆரம்பித்ததும் சிறுவர்கள்கூடத் தொண்டை கிழியப் பாடுகிறார்கள். "உமக்கு முன் பாவம் செய்தோம், இரங்கும்" என்ற பல்லவிக்கு அத்தனை துள்ளலான மெட்டு! நடுவே ஷோஃபார் என்னும் ஆட்டுக்கடாக் கொம்பு ஊதினார்கள். தூங்குகிறவர்களே எழுந்திருங்கள் என்பதுதான் அந்த ஒலியின் செய்தி என்று இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதியிருக்கிறார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இந்தத் துள்ளலுக்குக் காரணம் ஹசிதியம் என்னும் யூத பக்தி இயக்கத்தின் ஞானி ஷ்னேயுர் ஸல்மான் (1745–1812) சொன்ன உவமையில் இருக்கிறது என்று தோன்றுகிறது. அரண்மனையில் ராஜாவைப் பார்ப்பது லேசில்லை. அதே ராஜா நகரத்துக்குள் வருமுன் வயல்வெளியில் நிற்கும்போது யாரும் போய்ப் பார்க்கலாம், எல்லோருக்கும் முகமலர்ச்சியோடு பதில் சொல்வார். எலுல் அப்படிப்பட்ட மாதம். உற்சவர் வீதிக்கு வருவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு கண்டிப்பும் உண்டு. சக மனிதருக்குச் செய்த தவறை, அவரைச் சமாதானப்படுத்தாதவரை யோம் கிப்பூரும் தீர்க்காது என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. அதனால் இந்த நாட்களில் மனஸ்தாபம் உள்ளவர்களைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கம். வேண்டுதலை எழுதிச் சுவரிடுக்கில் சீட்டாகச் செருகுவதைவிட இதுதான் கஷ்டம்!

போக நினைப்பவர்கள், ஓய்வுநாளான வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை அங்கே படம் எடுக்கக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.