(அ) முதல் (உ) வரை: மக்களவையில் ஒரு கேள்விக்குப் பதில் வாங்கிய அனுபவம்

ஒரு மத்திய அரசுத் திட்டத்தில் எங்கள் மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு செலவானது, மிச்சம் எந்தக் கணக்கில் தூங்குகிறது? கேட்டது இவ்வளவுதான். பதில் கைக்கு வருவதற்குள் ஒரு கூட்டத்தொடர் முடிந்து, அடுத்ததும் முடிந்து, அதற்கடுத்தது பாதி ஓடிவிட்டது. தமிழ்நாட்டு எம்.பி. ஒருவரிடம் டெல்லியில் உதவியாளராக இருக்கிறேன். கேள்விகளை எழுதித் தருவது என் வேலைகளில் ஒன்று. எந்த அமைச்சகம் என்று சொல்லப் போவதில்லை, அவர்களிடம் இன்னும் நிறைய வாங்க வேண்டியிருக்கிறது.

ஸ்டார் கேள்வி என்றால் அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்வார், அன்ஸ்டார் என்றால் எழுத்தில் மட்டும் பதில் வரும். மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20, எழுத்துப் பதிலுக்கு 230. ஒரு உறுப்பினர் ஒரு நாளுக்கு 5 நோட்டீஸ் தரலாம், அதில் ஒன்றுதான் ஸ்டார் ஆகும். முழுதாக 15 நாள் முன்னால் தர வேண்டும். எது பட்டியலில் வரும் என்பதற்குக் குலுக்கல் வேறு. இதெல்லாம் பெரிய தலைவலி இல்லை.

தலைவலி 150 வார்த்தையில் ஆரம்பிக்கிறது. அதற்கு மேல் போகக் கூடாது. வாதம் கூடாது, கிண்டல் கூடாது, ஊகம் கூடாது, அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது. மாநில அரசின் வேலையைப் பற்றிக் கேட்டால் நிற்காது. "ஏன் இந்த அலட்சியம்?" என்று எழுத எங்கள் சாருக்குக் கை துறுதுறுக்கும். "சார், அது மேடைக்கு வச்சுக்கலாம்" என்பேன். சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்துவிடுவார்.

வார்த்தைகளை எண்ணுவதைவிடப் பணத்துக்கான வார்த்தையைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். ஒதுக்கீடு ஒன்று, விடுவித்தது இன்னொன்று, செலவழித்தது வேறொன்று. மத்திய அரசு ஒரு மாநிலத்துக்கு நிதியை அனுப்பிவிட்டால் மத்தியக் கணக்கில் அது செலவு. அந்தப் பணத்தில் ஊரில் ஒரு செங்கல்கூட எடுத்து வைக்காமல் இருந்தாலும் செலவுதான். அதனால் "எவ்வளவு செலவிடப்பட்டது" என்று மொட்டையாகக் கேட்டால், அனுப்பிய தொகையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பொய்யென்றும் சொல்ல முடியாது. பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, விடுவித்தது, மாநிலம் உண்மையில் செலவழித்தது, வர வேண்டிய பயன்பாட்டுச் சான்றிதழ் (பணம் உரிய வேலைக்குச் செலவானது என்று எழுதித் தருவது) என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு நிதியுதவித் திட்டம் ஒவ்வொன்றுக்கும் மாநிலத்தில் ஒரே முகமை, ஒரே வங்கிக் கணக்கு என்ற ஏற்பாடு வந்ததே, அந்தக் கணக்கில் செலவாகாமல் கிடக்கும் இருப்பைத் தனியாகக் கேட்பது ரொம்ப முக்கியம். அந்த ஒரு எண்ணைத் தரத்தான் எல்லோருக்கும் மனசு வராது.

அடுத்தது போர்ட்டல், அதாவது எம்.பி.க்கள் கேள்வியைப் பதிவு செய்யும் இணையதளம். 2023 டிசம்பரில் கடவுச்சொல்லைப் பகிர்ந்த விவகாரத்தில் ஒரு உறுப்பினர் பதவியையே இழந்த பிறகு, உதவியாளர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது என்றாகிவிட்டது. சரியான முடிவுதான். 2005ல் பணம் வாங்கிக் கேள்வி கேட்டதற்காக 11 எம்.பி.க்கள் வெளியேற்றப்பட்டதை நினைத்தால் இந்தக் கெடுபிடி நியாயமே. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், சார் தொகுதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருப்பார், நான் டெல்லியில் இருப்பேன், குலுக்கல் நேரம் நெருங்கிக்கொண்டிருக்கும். வரைவை வாட்ஸப்பில் அனுப்பினேன். அவர் மண்டபத்துக்கு வெளியே காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, (அ) முதல் (உ) வரை கேள்வியின் ஐந்து பகுதியையும் ஒவ்வொன்றாக ஒட்டினார். ஓ.டி.பி. வந்து காலாவதியாகி மறுபடி வந்தது. பின்னால் நாதஸ்வரம். "தம்பி, (இ) எங்க போச்சு?" என்றார். (ஈ) இரண்டு முறை ஒட்டியிருந்தது, (இ) காணாமல் போயிருந்தது. கடைசியில் போய்ச் சேர்ந்தது. உங்கள் எம்.பி.யும் ஊரில்தான் இருப்பார் என்றால் ஒரு நாள் முன்கூட்டியே உட்கார வைத்துவிடுங்கள்.

கேள்வி அன்ஸ்டாராக ஏற்கப்பட்டது. நிம்மதி என்று நினைத்த நேரத்தில் "இது எங்கள் பொருள் அல்ல" என்று ஒரு அமைச்சகம் கையை விரிக்க, கேள்வி இன்னொரு அமைச்சகத்துக்கு மாறியது. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் உண்டு. மாறினால் கேள்வியும் அந்த நாளுக்குப் போய்விடும். அந்த வாரத்துச் செய்திக்காகக் காத்திருந்த தொகுதி நிருபர்களுக்குச் சார்தான் சமாதானம் சொன்னார்.

பதில் வந்தது. ஐந்து பகுதியாகக் கேட்ட கேள்விக்கு "(அ) முதல் (உ) வரை" என்று ஒரே தலைப்பில், ஒரே பத்தி. முதல் பாதி முழுக்கத் திட்டத்தின் பெருமை: எப்போது தொடங்கியது, நோக்கம் என்ன, யாருக்குப் பயன். அப்புறம் "மாநில வாரியான விவரம் இணைப்பில் உள்ளது". இணைப்பில் விடுவித்த தொகை மட்டும். மாவட்டம்? "மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை." அதே திட்டத்தின் இணையதளத்தில் மாவட்டத்தைச் சொடுக்கினால் வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்று வண்ண வண்ணமாகக் காட்டுகிறார்கள். பணம் மட்டும் பராமரிக்கப்படுவதில்லையாம்!

இப்படி எல்லாப் பகுதியையும் சேர்த்துக் கட்டும் பதிலுக்கு நான் கண்ட மருந்து ஒன்று உண்டு. திட்டம் பற்றிய பொதுவான பகுதியைக் கேள்வியிலேயே வைக்காதீர்கள். "(அ) இத்திட்டத்தை அரசு செயல்படுத்துகிறதா" என்று ஆரம்பிப்பது பழைய பழக்கம். அந்த ஒரு வரி அவர்களுக்கு அரைப் பக்கம் புகழ்பாட இடம் கொடுத்துவிடுகிறது. முதல் பகுதியிலேயே எண்ணைக் கேளுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஆண்டு, மாநிலம், அலகு எல்லாம் தனித்தனியாக இருந்தால் சேர்த்துக் கட்டுவது கொஞ்சம் கஷ்டமாகும். கொஞ்சம்தான்.

அடுத்த கூட்டத்தொடரில் ஸ்டாருக்கே போட்டோம். ஏற்கெனவே பதில் சொன்னதையே திரும்பக் கேட்க விதி இடம் தராது. அதனால் இந்த முறை செலவாகாத இருப்பையும் பயன்பாட்டுச் சான்றிதழையும் மட்டும் பிடித்துக்கொண்டோம். குலுக்கலில் அதிர்ஷ்டம், பட்டியலில் இரண்டாவது எண்! 20 என்று அச்சிட்டாலும் பெரும்பாலான நாட்களில் கேள்வி நேரம் ஐந்தாறு கேள்வியைத் தாண்டுவதே அபூர்வம். 2019 நவம்பர் 27 அன்று 20 கேள்விகளும் முடிந்தபோது, 1972க்குப் பிறகு இப்போதுதான் என்று செய்தியாகவே போட்டார்கள். அப்படியிருக்க இரண்டாவது எண் கிடைத்தால் லாட்டரிதான்.

முந்தின நாள் சாயங்காலம் அமைச்சகத்திலிருந்து ஒரு அதிகாரி போன் செய்தார். ரொம்ப மரியாதை. அமைச்சர் பதில் சொன்னதும் சார் எழுந்து என்ன துணைக் கேள்வி கேட்கப் போகிறார் என்று லேசாகத் தெரிந்தால் அமைச்சருக்கு வசதியாக இருக்கும் என்றார். "பட்டியலில் இருப்பதையொட்டித்தான் கேட்பார்" என்றேன். மறுபடி வேறு மாதிரி கேட்டார். நானும் வேறு மாதிரி அதையே சொன்னேன். எல்லா அலுவலகத்துக்கும் இந்த போன் வரும், கோபப்பட ஒன்றுமில்லை. முழுக்கச் சொல்லிவிட்டால் துணைக் கேள்வியின் பல் போய்விடும், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்வி. அந்த இரண்டையும் சாரும் நானும் ராத்திரி உட்கார்ந்து செதுக்கினோம். முன்னுரை நீண்டால் சபாநாயகர் "கேள்வியைக் கேளுங்கள்" என்று நிறுத்திவிடுவார். அந்த நேரத்தில் சார் வழக்கம்போல முந்த்ரா கதையை எடுத்தார். எல்.ஐ.சி. பணம் 1.24 கோடி ரூபாயை ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் போட்டதைப் பற்றி 1957ல் அவையில் கேள்வி எழுந்தது. ஆளுங்கட்சிக்காரரான ஃபெரோஸ் காந்தியே அதைக் கையில் எடுத்தார். நீதிபதி சக்லா விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். "ஒரு கேள்விதான் தம்பி ஆரம்பம்" என்றார். எங்களுக்கு யாரும் பதவி விலக வேண்டாம் சார், மாவட்டக் கணக்கு வந்தால் போதும் என்றேன்.

காலையில் பதிலின் பிரதி கிடைத்தது. படித்து, துணைக் கேள்வியில் ஒரு வார்த்தையை மாற்றி, சார் இருக்கையில் போய் உட்கார்ந்தார். பதினொரு மணிக்கு அவை கூடியது. வேறொரு விவகாரத்துக்காகச் சில உறுப்பினர்கள் பதாகையோடு அவையின் மையப்பகுதிக்குப் போனார்கள். சபாநாயகர் முதல் கேள்வியை அழைத்தார், அமைச்சர் ஏதோ சொன்னார், ஒன்றும் காதில் விழவில்லை. பதினொன்றேகால் ஆவதற்குள் ஒத்திவைப்பு. அலுவலகத்துத் தொலைக்காட்சியில் திரை மாறியபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. இதில் கூடுதல் சங்கடம், மையப்பகுதியில் நின்றவர்களில் சாரின் நண்பர்களும் உண்டு. அவர்கள் எழுப்பிய பிரச்சினையும் சின்னதில்லை.

கேள்வி நேரம் போனால் ஸ்டார் கேள்வியின் பதிலும் எழுத்துப் பதிலாக மேசையில் வைக்கப்பட்டுவிடும், துணைக் கேள்வி காற்றோடு போச்சு. வந்த பதிலை வைத்து அவையில் நடத்தும் அரை மணி நேர விவாதத்துக்கு விதி 55ன் கீழ், விளக்கக் குறிப்போடு இன்னும் இரண்டு உறுப்பினர்களின் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். கூட்டத்தொடர் முடியும்வரை வாய்ப்பு வரவில்லை. அரசின் செலவுக் கணக்கை ஆராயும் பொதுக் கணக்குக் குழுவில் கேட்கலாமே என்றார் ஒரு நண்பர். அங்கே அமைச்சரைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது, அதிகாரிகள்தான் வருவார்கள். தவிர, சார் அந்தக் குழுவில் இல்லை.

வழி காட்டியது பக்கத்து எம்.பி. அலுவலகத்தின் மூத்த உதவியாளர் அண்ணன். பல ஆட்சிகளைப் பார்த்தவர். ஸ்டார் கேள்விக்கு மேசையில் வைத்த பதிலை வாங்கிப் பார்த்தார், முதல் பக்கத்தைப் படிக்கவே இல்லை, நேராகக் கடைசி வரிக்குப் போனார். "மாநிலங்களிடமிருந்து தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்" என்று இருந்தது. "இதைப் போய் பதில் இல்லைன்னு சொல்றியேப்பா, இதுதான் பதில்" என்றார்.

அதாவது, இது அவையில் கொடுத்த உறுதிமொழி. அரசு உறுதிமொழிகள் குழு என்று ஒன்று மக்களவையில் 1953 டிசம்பரிலிருந்து இருக்கிறது. "பரிசீலனையில் உள்ளது", "விசாரித்துச் சொல்கிறேன்", "தகவல் திரட்டப்படுகிறது" போன்ற சொற்றொடர்களுக்கு ஒரு பட்டியலே அவர்களிடம் உண்டு. அமைச்சர் அப்படிச் சொன்னால் மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றி அறிக்கை வைக்க வேண்டும். முடியாவிட்டால் காரணம் சொல்லி அவகாசம் கேட்க வேண்டும். முதல் பதிலில் இருந்த "பராமரிக்கப்படுவதில்லை" என்பதை எங்கும் கொண்டுபோக முடியாது. "திரட்டப்படுகிறது" என்று வாய்விட்டால் பிடித்துக்கொள்ளலாம்.

உறுதிமொழியாக அது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தோம், ஆகியிருந்தது. குழுவுக்குச் சார் ஒரு கடிதமும் போட்டார். அமைச்சகம் அவகாசம் கேட்டது. மறுபடியும் கேட்டது. அதற்குள் நான் இந்தக் கோப்பைக் கிட்டத்தட்ட மறந்தேவிட்டேன்.

பிறகு ஒரு நாள், நிறைவேற்ற அறிக்கை மேசையில் வைக்கப்பட்டவற்றின் பட்டியலில் எங்கள் கேள்வி எண் இருந்தது. பி.டி.எஃப்.பைத் திறந்தால் கோணலாக ஸ்கேன் செய்த இணைப்பு. சில பக்கங்கள் தலைகீழ். எங்கள் மாவட்டத்தின் பெயரில் ஒரு எழுத்து தப்பு, அதனால் தேடினால் அகப்படவில்லை, விரலை வைத்து வரிசை வரிசையாகத்தான் இறங்க வேண்டியிருந்தது. ஆனால் மூன்று நெடுவரிசை இருந்தது: விடுவித்தது, செலவானது, இருப்பு. மத்திய அளவில் பராமரிக்கப்படாத அதே மாவட்டக் கணக்கு!

சார் அதை அச்செடுத்து, மத்தியத் திட்டங்களைக் கண்காணிக்கும் மாவட்ட திஷா குழுக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார். எம்.பி. தலைமையில் நடக்கும் கூட்டம் அது. வழக்கமாக "நிதி இன்னும் வரலைங்க ஐயா" என்று சொல்லும் துறை அதிகாரி அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தார். சார் எதுவும் பேசாமல் அந்தத் தாளை மேசையில் அவர் பக்கம் நகர்த்தினார். அமைச்சகம் அவையில் வைத்த கணக்கு, யாரும் மறுக்க முடியாது. இருப்பில் இருக்கும் தொகைக்கு எந்தெந்த ஊரில் எப்போது வேலை தொடங்கும் என்று அந்தக் கூட்டத்திலேயே தேதி போட்டு எழுதி வாங்கிவிட்டார்.

பயன்பாட்டுச் சான்றிதழ் நெடுவரிசை மட்டும் இணைப்பில் இல்லவே இல்லை. கேள்வியின் (ஈ) பகுதி அது. குழுவுக்கு இன்னொரு கடிதம் தயாராக இருக்கிறது, சார் டெல்லி வந்ததும் கையெழுத்து வாங்க வேண்டும்.